கோரைமுனையில் பறவை இல்லை என்று எழுதியவன்

தவமலர் அக்கா கொழும்பில் இறந்த செய்தி மட்டக்களப்புக்கு வர இரண்டு நாளாயிற்று. போரால் பாதை மூடியிருந்தது, தொலைபேசியும் வேலை செய்யவில்லை. லொறியில் வந்த ஒருவர் சொல்லித்தான் தெரியும். அஞ்சலிக் கூட்டத்தில் ஒரு பிரமுகர், "கோரைமுனை விஷயத்தில் அவர் தவறியதை மறப்போம், தொண்டினை நினைப்போம்" என்றார். எல்லோரும் தலையாட்டினார்கள். நானும் ஆட்டினேன். அந்த வெட்கத்தில்தான் இதை எழுதுகிறேன்.

பழுகாமத்தில் பிறந்த அக்கா, வடக்கே பனி நாடுகளிலிருந்து நம் வாவிக்கு வரும் பறவைகளைக் காக்க, அவற்றின் வழியிலுள்ள நாடுகளையெல்லாம் ஒன்றுசேர்த்த பெரும் பணிக்குத் தலைவி. ஆனாலும் மாரி தொடங்கினால் இங்கு வந்து எங்களோடு சேறு மிதித்துப் பறவை எண்ணுவார். ஒருமுறை வவுணதீவுச் சோதனைச் சாவடி வரிசையில் ஒரு மீன்காரர் கேட்டார்:

"என்னகா, உங்கட கொக்குக்குப் பாஸ் எடுத்தாச்சா?"

"அதுகள் ஒருத்தரையும் கேளாமப் போகுதுகள் அண்ணன். நாமதான் நிக்கிறம்."

வரிசை சிரித்தது. துப்பாக்கிக்காரன் திரும்பியதும் அடங்கியது.

எனக்கு அவர் வேலை மீது கோபம் இருந்தது. "மனிசர் சாகக்குள்ள பறவை எண்ணுறதா அக்கா?" என்று முகத்துக்கு நேரே கேட்டேன். "குளத்துக்கும் வட்டைக்கும் ஒரே அணைதான் மனே" என்றார். கோரைமுனைக் குளத்தைப் பாதுகாப்புப் பட்டியலில் சேர்த்தால், வாவியின் உப்புத் தண்ணீர் குளத்துக்கும் வயல்வெளியான வட்டைக்கும் ஏறாமல் தடுக்கும் அந்த இடிந்த அணையைத் திருத்த உதவி வரும். அவர் கணக்கெடுப்பின் மறுபக்கத்தில் விவசாயிகள் இருந்தார்கள். நான் அதைக் காண விரும்பவில்லை.

கணக்கெடுப்புத் தாளில் அவருக்கு ஒரே கண்டிப்பு: "போகாத இடத்த வெறுமையா விடு. போய்ப் பாத்து ஒண்டும் இல்லாட்டி மட்டும் சைபர் போடு."

அந்த வருடம் கோரைமுனைக்குப் புறப்பட்ட என்னைச் சாவடியில் திருப்பி அனுப்பினார்கள். மறுபடி போகப் பயந்து, தேத்தண்ணிக் கடையில் உட்கார்ந்து தாளை நிரப்பினேன். வெறும் கட்டம் என் பயத்தைக் காட்டிக்கொடுக்கும்போல் இருந்தது. காணாத பறவையை எழுதவும் மனம் வரவில்லை. பூச்சியம் போட்டேன், அதை நேர்மை என்றுகூட நினைத்தேன்.

அக்கா நம்பினார். பறவை இல்லையென்று குளம் பட்டியலில் சேராமல் போனது. உதவி வேறு நாட்டுக்குப் போனது. அடுத்த மாரியில் அணை உடைந்து, கதிர் வர இருந்த வட்டை முழுவதும் உப்பில் கருகியது.

அக்கா அங்கு போய் நின்றார். நானும் கூடப் போனேன். தங்கராசா என்ற விவசாயி கருகிய பயிரைப் பிடுங்கி அவர் காலடியில் போட்டார்.

"எங்கட குளத்தில பறவையே இல்லையாமே? ஆர் வந்து பாத்த?"

"பிழை என்னிலதான் அண்ணன்" என்றார் அக்கா. என் பெயரைச் சொல்லவில்லை.

திரும்பும் வழியில் ஒருமுறை மட்டும் கேட்டார்: "நீ போனயா மனே?"

"ஓம் அக்கா."

"சரி."

அதன்பின் அவர் கேட்கவே இல்லை. தெரிந்துகொண்டாரா, நம்பித்தான் செத்தாரா, அறிய இனி வழியில்லை. அவரிடமிருந்து என்னிடம் மிஞ்சியிருப்பது அந்தச் "சரி" மட்டும்தான். அவரை அறிந்தவர்களே, தங்கராசாவிடம் நாளை நேரில் சொல்லப் போவதை உங்களுக்கும் எழுதுகிறேன்: அக்கா தவறவில்லை. கோரைமுனைக்கு நான் போகவில்லை.