கம்பியில் குத்திய அட்டை

என் மகள் பொறியியல் படித்த காலம். ஆம்ப்ளிஃபயரில் எழும் இரைச்சலைக் கம்ப்யூட்டரில் கணக்கிட, துளையிட்ட அட்டைகளை அடுக்கி வைத்திருந்தாள்; அந்தக் கால மெஷின் அந்த ஓட்டைகளைத்தான் படிக்கும். மெஷினில் அவளுக்கு ஒரே வாய்ப்பு, அன்றுதான். கழித்த அட்டை என்று நினைத்து, ஒன்றில் நான் மளிகைச் சீட்டு எழுதிக் கடையில் கொடுத்துவிட்டேன்.

தெரிந்ததும் சிட்லபாக்கம் கடைக்கு ஓடினேன்.

"கம்பியில குத்திட்டேனே சார்," என்று கடைக்காரர் உருவிக் கொடுத்தார்.

மகள் பார்த்தாள். "ஒரு ஓட்டை கூடினாலும் கணக்கு தப்பாயிடும்ப்பா."

அட்டையை வெளிச்சத்தில் பிடித்தாள்.

"ஓரத்துலதான் விழுந்திருக்கு. அந்த இடத்தை மெஷின் படிக்காது. துவரம்பருப்பு வந்துச்சா?"

கம்பி நடுவில் இறங்கியிருந்தால் என்ன சொல்லியிருப்பாள்? அதை அவளிடம் கேட்கும் தைரியம் எனக்கு இன்னும் வரவில்லை.