அம்மாவுடைய ஜின் மாதிரி இல்லை

கெசியா அல்டர்சனுக்கு இந்த உலகத்தில் காதில் விழவே கூடாத பேச்சு ஒன்று உண்டு.

"நல்லாத்தான் இருக்கு, புள்ள. ஆனா அம்மாவோடது மாதிரி இல்ல."

கிறிஸ்துமஸுக்கு மறுநாள் மத்தியானம் அண்ணன் ஆம்ப்ரோஸ் இதைச் சொல்வான். பன்றித் தொடைக்கறியை மூக்கு முட்டத் தின்றுவிட்டு, கணப்புக்கு முன்னால் காலை நீட்டிக்கொண்டு, சின்னக் கிளாஸை உதட்டருகே கொண்டுபோய் எடுத்த பிறகு சொல்வான். அக்கா ஹில்டா ஆமாம் போடுவாள். ஹில்டாவின் புருஷன் கிளிஃபர்ட் ஜன்னலோரம், பெரணிச் செடித் தொட்டிக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு, மலைமேல் பனி எதுவரைக்கும் இறங்கியிருக்கிறது என்று பார்த்துக்கொண்டிருப்பார். சாப்பிட வருகிறவர்களுக்குச் சொல்ல என்ன கஷ்டம்? நரம்பில்லாத நாக்குதானே.

ஸ்லோ ஜின் அல்டர்சன் குடும்பத்துச் சொத்து. வயல் வேலியில் முட்புதர் நிறையக் கருநீலமாகக் காய்க்கும் ஸ்லோ என்கிற குட்டிப் பழத்தைப் பச்சையாகக் கடித்தால் நாக்கு அண்ணத்தோடு ஒட்டிக்கொள்ளும். ஆடுகூட முகத்தைத் திருப்பிக்கொள்ளும். அதை முள்ளால் குத்தி, ஜாடியில் போட்டு, சர்க்கரை சேர்த்து, கடையில் வாங்கிய ஜின் சாராயத்தை ஊற்றி ஊறவைத்தால் குளிருக்கு இதமான சிவப்புப் பானம் கிடைக்கும். அப்பாவைப் பெற்றவர்கள் காலத்திலிருந்து வருகிற வழக்கம் அது.

அம்மா அதற்கு எதிர்ப்பக்கத்திலிருந்து வந்தவள். மெத்தடிஸ்ட் சேப்பல் குடும்பம். சின்னப் பெண்ணாக இருக்கும்போதே மதுவைத் தொடமாட்டேன் என்று சபைக்கு முன்னால் சத்தியம் செய்தவள். புட்டிங்கில் பிராந்தி ஊற்றிக் கொளுத்தினால் எழுந்து சமையலறைக்குப் போய்விடுவாள். ஆனாலும் வாழ வந்த வீட்டு வழக்கத்தை விட முடியுமா? வருஷம் தவறாமல் மூக்கை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டு ஜின் போடுவாள். பக்கத்தில் நின்று ஜாடியைப் பிடிப்பது கடைக்குட்டி கெசியாவின் வேலை.

"ஒரு கைக்கு மேல சர்க்கரை போடாத, கெசியா. சர்க்கரைதான் சாராயமா மாறுது. அத எவ்வளவு கொறைக்கிறோமோ, அவ்வளவு பாவம் கொறையும்" என்பாள் அம்மா.

ஹில்டா கல்யாணம் கட்டிக்கொண்டும் ஆம்ப்ரோஸ் வேலை தேடியும் பள்ளத்தாக்கைவிட்டுப் போனார்கள். கெசியா தங்கிவிட்டாள். வெண்ணெய்ப் பண்ணையில் வேலை பார்த்த ஒருவன் அவளைப் பெண் கேட்டான். அம்மாவுக்கு மூட்டுவலி, பிறகு பார்க்கலாம் என்றாள் கெசியா. பிறகு என்று ஒன்று வரவில்லை. அம்மா இருந்தவரை, அவளுக்குக் கொடுத்த வாக்குக்காக, கெசியாவும் ஒரு சொட்டு மது குடித்ததில்லை. அம்மாவின் கை நடுங்க ஆரம்பித்ததும் ஜின் போடுவது நின்றுபோயிற்று.

அம்மாவின் அடக்கம் முடிந்த அன்று ஆம்ப்ரோஸ்தான் மூக்கைச் சிந்திக்கொண்டே ஆரம்பித்தான். "அம்மாவோட ஜின் மாதிரி வருமா? அதோட போச்சு." ஹில்டாவும் சேர்ந்து அழுதாள். அதைக் கேட்டுத்தான் கெசியா மெனக்கெட்டு அதைத் திரும்பப் போட ஆரம்பித்தாள். தன் பாட்டுக்கு இருந்திருக்கலாம்.

முதல் வருஷம் அம்மா போட்டபடியே போட்டாள். ஒரு கை சர்க்கரை. தானும் ஒரு வாய் குடித்துப் பார்த்தாள். கண்ணில் தண்ணீர் வந்தது. ஜின் என்றால் இப்படித்தான் போலிருக்கிறது, இதற்கா ஆண்கள் இந்தப் பாடு படுகிறார்கள் என்று நினைத்துக்கொண்டாள். வந்தவர்கள், "அம்மாவோடது மாதிரி இல்ல" என்றார்கள்.

இரண்டாம் வருஷம் ஆளுக்கொரு யோசனை. முதல் உறைபனி விழுவதற்கு முன்னால் பறித்ததுதான் தப்பு என்றான் ஆம்ப்ரோஸ். அதே செடியின் முள்ளால் குத்தக் கூடாது, வெள்ளி முள்கரண்டிதான் என்றாள் ஹில்டா. கிராம்பு போட்ட ஞாபகம் என்றும் சொன்னாள். கெசியா எல்லாவற்றையும் செய்தாள். "கிட்டத்தட்ட வந்துருச்சு. ஆனாலும்..." என்று இழுத்தாள் ஹில்டா. அந்தக் குளிர்காலம் ஜன்னலோரப் பெரணியும் பட்டுப்போனது. முந்தின வருஷமும் அப்படித்தான். ஜன்னல் இடுக்கில் காற்று வருகிறது என்று கெசியா செய்தித்தாளைத் திணித்து அடைத்துவிட்டு, புதுச் செடி வாங்கி வைத்தாள்.

மூன்றாம் வருஷம் ஹில்டாவிடம் தொலைபேசியில் சொல்லிவிட்டாள்.

"இந்தத் தடவையும் அந்தப் பேச்சு வந்துச்சுன்னா, அடுத்த கிறிஸ்துமஸுக்கு யாரும் இங்க வர வேண்டாம். அவங்கவங்க வீட்ல பொங்கித் தின்னுக்கோங்க."

"ஏன்டி இப்படிக் கோவப்படற? ஒரு ஜின்னுக்குப் போயி..."

ஜின்னுக்காகவா? அம்மாவைத் தூக்கி உட்காரவைத்து, துடைத்துவிட்டு, இந்த வீட்டிலேயே நரைத்துப்போனவளிடம், நீயும் நல்லாத்தான் செய்தாய் என்று ஒரு வார்த்தை சொல்ல இவர்களுக்கு வாய் வரவில்லையே என்ற எரிச்சல் அது. ஹில்டாவுக்கு அதெல்லாம் எங்கே புரியப்போகிறது.

அந்த எரிச்சலோடுதான் வேலிக்குப் போய், கையெல்லாம் முள் கீறப் பழம் பறித்தாள். "பனி விழுந்துச்சா, பாத்தியா?" என்று ஆம்ப்ரோஸ் தொலைபேசியில் கூப்பிட்டபோது, "விழுந்துச்சு, என் தலையில" என்று வைத்துவிட்டாள். கொஞ்சநாள் ஊறியதும் கரண்டியில் எடுத்துக் குடித்தாள். வாய் கோணிக்கொண்டது.

"நாசமாப் போச்சு" என்று சத்தமாகச் சொல்லிவிட்டு, அலமாரியிலிருந்த சர்க்கரைப் பொட்டலத்தை அப்படியே ஜாடியில் கவிழ்த்தாள். அம்மா பரலோகத்திலிருந்து பார்த்தால் பார்க்கட்டும். அதன்பிறகு அவ்வப்போது ருசி பார்த்து, தன் நாக்குக்குப் பிடிக்கிறவரை சர்க்கரை சேர்த்துக்கொண்டே போனாள்.

கிறிஸ்துமஸுக்கு மறுநாள் வந்தது. தட்டில் நான்கு கிளாஸ். ஆம்ப்ரோஸ் வழக்கம்போல உதட்டருகே கொண்டுபோனான். ஒரு வாய் குடித்தான். கிளாஸை உற்றுப் பார்த்தான்.

"நல்லாத்தான் இருக்கு, புள்ள" என்றான். "ஆனா அம்மாவோடது மாதிரி இல்ல."

கெசியா தட்டை மேஜைமேல் போட்ட சத்தத்தில் நாய் எழுந்து வெளியே போய்விட்டது.

"எப்படி இருந்துச்சு அம்மாவோடது? இன்னைக்குச் சொல்லாம யாரும் எந்திரிக்கக் கூடாது."

"அது... அதுக்குன்னு ஒரு தனி ருசி" என்றாள் ஹில்டா.

"தனின்னா? இனிப்பா, கசப்பா?"

"இனிப்பு" என்றாள் ஹில்டா. "கசப்பு" என்றான் ஆம்ப்ரோஸ். இரண்டும் ஒரே நேரத்தில் வந்தன.

கெசியா ஜன்னல் பக்கம் திரும்பினாள். "கிளிஃபர்ட், நீங்க சொல்லுங்க."

கிளிஃபர்டின் காதெல்லாம் சிவந்துவிட்டது. "எனக்குத் தெரியாது, கெசியா. கல்யாணமான வருஷம் ஒரு வாய் குடிச்சேன். அதுக்கப்புறம் எல்லாம் இதுக்குத்தான்" என்று பெரணித் தொட்டியைக் காட்டினார்.

"நீயுமா?" என்றான் ஆம்ப்ரோஸ்.

"அடப்பாவிகளா, ரெண்டு பேருமா?" என்றாள் ஹில்டா. "நான் கணப்புலதான் ஊத்துவேன். குப்புனு எரியும். அம்மா கேட்டா, விறகுல பிசின் இருக்குன்னு சொல்லுவேன்."

"அம்மாகிட்ட ஒருத்தர்கூட சொல்லலியா?"

"எப்படிச் சொல்றது? முள்ளுல கையக் கிழிச்சுக்கிட்டுப் போட்டுக் குடுக்கறா. அவ மனசு நோகாதா?" என்றான் ஆம்ப்ரோஸ். "அவளா ருசி பாத்திருந்தா தெரிஞ்சிருக்கும். அவதான் சத்தியம் பண்ணவளாச்சே."

"அப்ப நான் போட்டது? போன வருஷமும் அதுக்கு முந்தின வருஷமும்?"

மூன்று பேரும் செடியைப் பார்த்தார்கள். இரண்டு குளிர்காலம் செய்தித்தாள் திணித்த அந்த ஜன்னல் இடுக்கை கெசியா பார்த்தாள்.

"அது ரெண்டும் அச்சு அசல் அம்மாவோடதுதான், புள்ள" என்றான் ஆம்ப்ரோஸ் மெதுவாக.

"பின்ன ஏன்டா மாதிரி இல்ல, மாதிரி இல்லன்னு என் உசுர வாங்குன?"

"மாதிரி இருக்குன்னு சொன்னா நீ அடுத்த வருஷமும் அதயே போடுவியே."

கெசியா சமையலறைக்குப் போய், கழுவிய பாத்திரத்தையே திரும்பக் கழுவினாள். இருட்டுவதற்குள் மலைப்பாதையைத் தாண்டவேண்டும் என்று சீக்கிரமே கிளம்பினார்கள். கன்னத்தைக் காட்டினாள், அவ்வளவுதான். வாசலில் நின்று கையாட்டவில்லை. இந்த வருஷத்து ஜின் நன்றாக இருந்ததா என்று கேட்கவும் இல்லை. கேட்டால் மட்டும் இவர்கள் உண்மையையா சொல்லப்போகிறார்கள்?

கிளாஸ்களை எடுக்க வந்தவள் ஜன்னலோரம் நின்றாள். நான்கு கிளாஸும் காலி. ஜாடியும் காலி, அதை யார் சாய்த்தார்கள் என்று அவள் பார்க்கவில்லை. சட்டைக் கையை மடித்துக்கொண்டு, பெரணித் தொட்டிக்குள் விரலைக் கணுவரைக்கும் விட்டாள்.

மண் காய்ந்து கட்டியாகக் கிடந்தது. அவர்கள் முன்னால் உட்கார்ந்திருந்த அத்தனை நேரமும் கணப்பு ஒரு தடவைகூடக் குப்பென்று எரியவில்லை என்பதும் அப்போதுதான் ஞாபகம் வந்தது.

கண் நிறைந்துவிட்டது. அதற்கும் எரிச்சல்தான் வந்தது. ஒரு வார்த்தை, ஒரே ஒரு வார்த்தை சொன்னால் குறைந்தா போய்விடுவார்கள், கல்லுளிமங்கன்கள், என்று மூன்று பேரையும் பெயர் சொல்லித் திட்டிக்கொண்டே குவளையை எடுத்துவந்து செடிக்குத் தண்ணீர் ஊற்றினாள்.