வெள்ளிக்கிழமை மீன்

ஏப்ரல் குளிரில், மலைமேல் ஏரிக்கரையில் மூன்றாவது நாளாகத் தூண்டிலோடு நிற்கிறேன். மெல்பேர்னிலிருந்து முதுகுப்பையில் சுமந்துவந்த மிளகாய்த்தூளை இன்னும் பிரிக்கவில்லை. இரண்டு நாளும் நூடுல்ஸ்தான்.

திடீரெனத் தூண்டில் வளைகிறது. சிவப்புப் புள்ளிகளோடு, ஒரு முழ நீளத்தில் ட்ரௌட் மீன்! துள்ளிக் குதிக்கிறேன். மனைவி மாலா ஓடிவருகிறாள்.

"இஞ்சேருங்கோ, இண்டைக்கு வெள்ளிக்கிழமையெல்லோ!"

மலையேறியதில் கிழமையே மறந்துவிட்டது. வெள்ளியில் எங்கள் வீட்டில் மரக்கறி மட்டும்தான்.

"நாளைக்கு வைச்சுச் சமைப்பமே?"

"மீனையும் டென்ட்டுக்குள்ள வைச்சுக்கொண்டு விரதமோ?"

முள்ளை மெதுவாகக் கழற்றி மீனை நீரில் விடுகிறேன். வாலை ஒருமுறை அடித்துவிட்டு அது மறைகிறது.

பக்கத்தில் தூண்டில் போட்டிருந்த உள்ளூர்க் கிழவர் தொப்பியைக் கழற்றுகிறார்.

"குட் ஆன் யூ, மேட்!"

பிடித்ததைத் திருப்பி விடுகிறவன்தான் உண்மையான மீன்பிடிகாரன் என்று என் கையைக் குலுக்குகிறார். என் மீன்பிடிக்கு இதுவரை யாரும் இவ்வளவு மரியாதை தந்ததில்லை. உண்மையைச் சொல்ல மனம் வரவில்லை. நாளைக்கும் வரச் சொல்கிறார். இருவருமாகப் பிடித்து, இருவருமாக விடலாமாம்.

"ஷுவர்!" என்கிறேன், பெருமையோடு.

மாலா சிரிப்பை அடக்கமுடியாமல் என் காதுக்குள் சொல்கிறாள்:

"அப்ப சனிக்கிழமையும் நூடுல்ஸ்தான்."