டைனமோவுக்கு ஊற்றிய எண்ணெய்

இரும்புச் சட்டியைக் கரண்டியால் சுரண்டுவதுபோல் எங்கள் டாக்சிக்குள்ளிருந்து சத்தம் வரத் தொடங்கியதும், அம்மா அடுப்பை அப்படியே விட்டுவிட்டுத் தெருவுக்கு ஓடிவந்தாள். காசிமேட்டில் மீன்பிடி விசைப்படகில், அதாவது 'லாஞ்சி'ல், கடலுக்குப் போய்க்கொண்டிருந்த நைனாவை, தன் தம்பி கடலோடு போன பிறகு அழுது அடம்பிடித்துக் கரையேற்றி, அந்தப் பழைய டாக்சியை வாங்க வைத்தவள் அவள்தான். வண்டி ஓடுகிறவரை நைனா கடலுக்குப் போக மாட்டார் என்பது எங்கள் வீட்டு ஒப்பந்தம்.

ராயபுரத்தில் வண்டி சத்தம் போட்டால் வைத்தியம் சொல்ல ஆளுக்கா பஞ்சம்? ஒருவர் பெல்ட் என்றார், இன்னொருவர் தண்ணீர் பம்பு என்றார், காரில் ஏறியே பார்க்காத ஐஸ் கடைக்காரர் இன்ஜினே போச்சு என்று கையை விரித்தார். கடைசியில் கொருக்குப்பேட்டையிலிருந்து வந்த மெக்கானிக் பாய் பெல்ட்டைக் கழற்றிவிட்டு வண்டியைக் கிளப்ப, சத்தம் சட்டென்று நின்றது. பம்பையும், பேட்டரிக்குக் கரண்ட் கொடுக்கும் டைனமோவையும் கையால் சுற்றிப் பார்த்தார். டைனமோதான் கரகரத்தது.

"உள்ள சுத்துற தண்ட தாங்குற புஷ்ஷு தேஞ்சிகீது அண்ணாத்தே. நாளைக்கு வேற எட்தாந்து போட்றேன், அதுவரிக்கும் வண்டிய எடுக்காத" என்று சொல்லி, பெல்ட்டை மாட்டிவிட்டுப் போனார்.

நைனாவுக்கு இருப்புக் கொள்ளவில்லை. லாஞ்சில் வேலை பார்த்தவர்களுக்கு, எது சத்தம் போட்டாலும் அதற்கு எண்ணெய்ப் பசி என்றுதான் தோன்றும். டைனமோவின் பின்பக்கத் துளையில் சொட்டாக விடவேண்டிய எண்ணெயை அவர் ஊற்றோ ஊற்றென்று ஊற்றினார். சத்தம் அடங்கிவிட்டது. "பாத்தியாமே, ஒண்ணும் இல்ல!" என்று அவர் சிரிக்க, அம்மாவும் சிரித்தாள்.

அன்று இரவே வண்ணாரப்பேட்டைக்குச் சவாரி போன வண்டி நடுரோட்டில் பேட்டரி செத்து நின்றது. டைனமோவைப் பிரித்துப் பார்த்த பாய், "இன்னா அண்ணாத்தே, எண்ணெல குளிப்பாட்டிகீற! உள்ள பூந்து கரண்டே வராம பண்ணிட்ச்சி. இது இனிமே தேறாது" என்றார். வேறு டைனமோ கிடைக்கும்வரைதான் என்று சொல்லிவிட்டு நைனா மறுபடி லாஞ்சில் ஏறினார். சோற்றுக்கு வேறு வழியில்லாததால் அம்மாவால் தடுக்க முடியவில்லை. அந்த லாஞ்சு திரும்பி வரவே இல்லை.

எங்கள் தெருமுனையில் இருந்த டாக்சி ஸ்டாண்டு இப்போது இல்லை. இப்போதைய கார்களில் டைனமோவும் கிடையாது. ஐஸ் கடைக்காரர், பாய் எல்லோரும் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். அம்மா மட்டும் இருக்கிறாள். நைனாவின் அவசர புத்தியை நான் எப்போதாவது குறை சொன்னால் அவளுக்குப் பொறுக்காது.

"அவர இன்னாத்துக்குடி சொல்ற? பாய் மறுநா வரட்டும்னு அவரு சும்மாதான் குந்திகினு இருந்தாரு. எண்ணெய எட்தாந்து கைல குட்த்ததே நான்தான்" என்கிறாள்.