கடற்பசு பற்றிய கூட்டத்தில் என்னிடம் வந்த மைக்

நானும் என் வீட்டுக்காரரும் குடவாசல் பக்கம். இரண்டு வீட்டிலும் வயல் வேலைதான். ஆற்றில் தண்ணீர் வராமல் குறுவை அடுத்தடுத்துப் போனபோது சேதுபாவாசத்திரம் பக்கம் கடற்கரைக்குப் பிழைக்க வந்தோம். அவர் ஊர்த் தலைவரின் படகில் கூலிக்குப் போனார். நான் கரையில் உட்கார்ந்து, வலையில் சிக்கிய நண்டுகளைக் கால் ஒடியாமல் எடுத்துப் போடுவேன். பிள்ளைகள் பிறந்து வளர்ந்ததெல்லாம் அங்கேதான்.

எங்கள் கடலில் ஆவுளியா உண்டு. கடலடிப் புல்லைத் தின்று வாழும் கடற்பசு. அதைப் பிடிக்கக் கூடாது என்று சட்டம். காப்பாற்ற ஒரு திட்டமும் வந்தது. திட்டம் பலன் தருகிறதா என்று ஊராரிடம் கேட்பதற்காகச் சமுதாயக் கூடத்தில் கூட்டம் போட்டார்கள். திட்டத்தில் வேலை பார்த்த இளம்பெண், "பொம்பளைங்களும் பேசணும்க்கா, கண்டிப்பா வாங்க" என்று கூப்பிட்டாள். நல்ல புடவையாகக் கட்டிக்கொண்டு மகளோடு போனேன்.

"போன தடவை கணக்கெடுத்ததுக்கு அப்புறம் இங்க ஒரு கடற்பசுகூடச் சாகலைன்னு சொல்றாங்க. உங்களுக்கு எப்படித் தோணுது?" என்று கேட்டார் கூட்டத்துக்கு வந்திருந்த வனத்துறை அதிகாரி. அந்தப் பெண் மைக்கை என்னிடம் கொடுத்தாள்.

"வலையில மாட்டிச் செத்துப்போனா யாரும் வெளிய சொல்றதில்லங்க. கேஸாயிடும்னு பயம். அந்தப் பயம் போனாத்தான் நெசமாவே..."

ஊர்த் தலைவர் எழுந்துவிட்டார். "நீ ஒக்காரும்மா. சார், இவங்க கடக்கரைக்காரங்களே இல்ல. வயக்காட்டுலேர்ந்து பொழைக்க வந்தவங்க. கடலப் பத்தி இவங்களுக்கு என்ன தெரியும்?"

பின்னால் யாரோ சிரித்தார்கள். அதிகாரி என்னைப் பார்க்காமல் தொண்டையைச் செருமினார். மைக்கை யாரிடம் கொடுப்பது என்று தெரியாமல் கையில் பிடித்தபடி நின்றேன். கடைசியில் நாற்காலியில் வைத்தேன். அது உருண்டு விழுந்து கூடம் முழுக்கக் கிறீச்சிட்டது. என் மகள் தலையைக் குனிந்துகொண்டாள். அதன் பிறகு பேசியவர்கள் எல்லோருமே திட்டம் நன்றாக நடக்கிறது என்றார்கள்.

மறுநாள் நான் நண்டு எடுத்துக்கொண்டிருந்த இடத்துக்குத் தலைவரே வந்தார்.

"மனசுல ஒன்னும் வச்சுக்காதம்மா. ஊர்ப்பேரு கெட்டுடக் கூடாதில்ல, அதான்."

"அதெல்லாம் ஒன்னுமில்லீங்கய்யா" என்றேன்.

சொன்ன பிறகுதான் கவனித்தேன். இடுப்பில் செருகியிருந்த புடவையை இறக்கிவிட்டு எழுந்து நின்றிருக்கிறேன். கூலி உயர்வு கேட்டுத் தகராறு ஆன வருஷம், பண்ணையார் வாசலில் என் அப்பா இப்படித்தான் நின்று "ஒன்னுமில்லீங்கய்யா" என்றார். நான் அப்போது சிறுமி. அவரோடு பேசாமல் கோபித்துக்கொண்டிருந்தேன். கூட்டத்தில் பட்ட அவமானத்தைவிட, என்னைக் கேட்காமலே என் வாயிலிருந்து வந்த அந்தக் குரல்தான் என்னை அதிகம் கூச வைத்தது.

அடுத்த கூட்டத்துக்கு அந்தப் பெண் திரும்பக் கூப்பிட வந்தாள். "அங்க வேணாம்மா. இங்கயே சொல்றேன், பேரு மட்டும் போடாத" என்றேன். சரி என்று மணலில் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள். அன்று பாதியில் நின்றதை முழுசாகச் சொல்லி முடித்தேன். ஆனால் யாராவது வருகிறார்களா என்று படகுகளின் பக்கம் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே சொன்னேன்.