உபயம்: சேவுகப்பெருமாள்

காரைக்குடியில் நாகம்மை என்று ஒருத்தி உயிரோடு இருப்பது வெளியூர்க்காரர்களுக்குத் தெரியாது. அவர்களுக்குத் தெரிந்த நாகம்மை பாட்டிலில் இருக்கிறாள். பச்சை லேபிளில் கண்டாங்கிச் சேலை, கழுத்து நிறைய நகை, நெற்றியில் விபூதி, எண்பது வயதுக் கிழவியின் முகம். கீழே பொடி எழுத்தில் ஒரு சரித்திரம் வேறு: பர்மாவில் வாணிபம் செய்த குடும்பத்து நாகம்மை ஆச்சி விட்டுச்சென்ற நன்னாரித் தண்ணீர், நான்கு தலைமுறைப் பாரம்பரியம்.

அத்தனையும் புளுகு. உண்மையான நாகம்மைக்கு வயது நாற்பத்தாறு. பிறந்தது கல்லல் பக்கம் ஒரு விவசாயக் குடும்பத்தில். அவர்கள் வீட்டில் இராமேஸ்வரத்துக்கு அப்பால் போனவர் ஒருவரும் கிடையாது. அவளுடைய அம்மா காரைக்குடியில் ஒரு செட்டியார் வீட்டுக்குச் சமையல் ஒத்தாசைக்குப் போய்க்கொண்டிருந்தாள். அந்த வீட்டு ஆச்சியின் மேல் இருந்த பிரியத்தில் மகளுக்கு அவர் பேரை வைத்துவிட்டாள். ஆச்சிக்கும் இவளுக்கும் உள்ள சம்பந்தம் அவ்வளவுதான்.

உயிரோடு இருக்கிறவளைக் கிழவியாக்கி, சாகடித்து, பாட்டிலில் ஒட்டி விற்ற மகராசன் வேறு யாருமில்லை. அவளுடைய கொழுந்தன் சேவுகப்பெருமாள்.

நாகம்மையும் அவள் புருஷன் மலையாண்டியும் காரைக்குடி பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் ஒரு தள்ளுவண்டி போட்டுப் பிழைத்தவர்கள். நன்னாரி வேரைத் தட்டி, வெட்டிவேரோடு மண்பானையில் ஊறப்போட்டு, வடிகட்டி, பனங்கற்கண்டு கொஞ்சம் சேர்த்து, கொடுக்கும்போது எலுமிச்சை பிழிந்து கொடுப்பாள். சர்பத் மாதிரி பாகாக இருக்காது. தண்ணீர் தண்ணீராகவே இருக்கும், வாசனை மட்டும் தொண்டையில் நிற்கும். கல்யாண சமையல்காரர்கள் ருசி பார்த்துவிட்டுப் பந்திக்குக் கேட்க ஆரம்பித்ததும் மலையாண்டி கடன் வாங்கி, பாட்டிலில் அடைக்கிற மெஷின் ஒன்றை வாங்கிப் போட்டான். லேபிளில் ‘நாகம்மை நன்னாரி’ என்று அச்சடித்துக்கொண்டு வந்து நின்றான்.

"எம் பேரையா போட்டீக? ஊருல சிரிக்க மாட்டாக?" என்றாள்.

"சிரிக்கட்டும். வாங்கிக் குடிச்சுட்டுச் சிரிக்கட்டும்" என்றான்.

மெஷின் கடன் அடைந்த வருஷம் ஐப்பசியில் மலையாண்டி மாரடைப்பில் போய்விட்டான். கருமாதி முடிந்ததும், தை பிறக்கிற வரைக்கும் நாகம்மை வாசல் தாண்டக் கூடாது என்று பெரியவர்கள் சொன்னார்கள். அவளும் அழுது அழுது முகம் வீங்கி மூலையில் உட்கார்ந்திருந்தாள். சேவுகப்பெருமாள் தினமும் வந்து வாசலில் நின்று, "மதினி, நீங்க எதுக்கும் கவலைப்படாதீக. எல்லாத்தையும் நான் பாத்துக்கிறேன்" என்று சொல்லிவிட்டுப் போவான். நன்றாகவே பார்த்துக்கொண்டான். அவள் வெளியே வந்தபோது மெஷின் அவன் ஷெட்டில் ஓடிக்கொண்டிருந்தது. ‘நாகம்மை’ என்ற பேரை அவன் தன் பேரில் பதிவு செய்திருந்தான்.

நேரே போய்க் கேட்டாள். அவன் நாற்காலியை விட்டு எழுந்திருக்கவில்லை.

"உங்க பேரு இன்னைக்கு ஊரு பூரா நல்ல பேரா இருக்குல்ல மதினி? அதுக்குச் சந்தோஷப்படுங்க" என்றான்.

அந்த வார்த்தை அவள் நெஞ்சில் முள்ளாகத் தைத்தது. வீட்டில் பானை வைத்து மறுபடியும் நன்னாரித் தண்ணீர் போட்டு, தன் பேரை ஒட்டி நாலு கடைக்குக் கொடுத்தாள். வக்கீல் நோட்டீஸ் வந்தது. எந்தக் குளிர்பானத்தின் மேலும் ‘நாகம்மை’ என்ற பேரை அவள் பயன்படுத்தக் கூடாதாம். பெற்றவள் வைத்த பேரைப் போடக் கூடாது என்று கொழுந்தன் தாக்கீது அனுப்புகிறான்! சிவகங்கைக்குப் போய் ஒரு வக்கீலைப் பார்த்தாள். அவர் மரியாதையாகத்தான் பேசினார்.

"கேஸ் போடலாம்மா. ஜெயிக்கக்கூடச் செய்யலாம். எப்பன்னு மட்டும் கேக்காதீக."

திரும்பி வருகிற பஸ்ஸில் அவள் அழவில்லை. என் பேரை அவனே கொண்டுவந்து என் கையில் கொடுக்க வேண்டும், அதுவும் தலையைக் குனிந்துகொண்டு கொடுக்க வேண்டும் என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டாள். அதன் பிறகு அவளுக்கு வேறு நினைப்பே இல்லை. அம்மியில் மிளகாய் அரைத்தாலும் அவன் முகம்தான் அரைபட்டது.

சேவுகப்பெருமாளின் வியாபாரம் முக்கால்வாசியும் பிள்ளையார்பட்டிக்கு வருகிற கூட்டத்தில்தான். கார் நிறுத்துகிற இடத்துக்குப் போகிற சாலையில் பெரிய ஸ்டால் போட்டு, சுற்றிலும் இருக்கிற கடைகளுக்கும் அவனே பாட்டில் போடுவான். வேரை ஊறப்போடுகிற வேலையை எல்லாம் எப்போதோ விட்டாயிற்று. எஸன்ஸும் சீனியும்தான். வெயிலுக்கு எது கிடைத்தாலும் ஜனங்கள் வாங்கும்.

அந்த ஸ்டாலுக்கு நேர் எதிரே ஒரு துண்டு நிலம் சும்மா கிடந்தது. அது நாகம்மையின் அடுத்த வீட்டுக்காரி பெனிட்டாவுடைய தம்பியின் இடம். பெனிட்டா பள்ளிக்கூட டீச்சர், நாகம்மைக்குச் சிறு வயதிலிருந்தே சிநேகிதி. பங்குனியில் ஒரு நாள் நாகம்மை அவளிடம் போய் நின்றாள்.

"ஒந் தம்பி எடத்துல ஒரு தண்ணிப் பந்தல் போட்டுக்கிறட்டா? கோடை முடியிற வரைக்கும்."

"தர்மத்துக்கு இல்லேன்னா சொல்லப் போறான்? தாராளமாப் போடு. வெறும் மோரா, பானகமா?"

"நன்னாரித் தண்ணி. சும்மா குடுக்கப் போறேன்."

பெனிட்டா அவளை ஒரு மாதிரி பார்த்தாள். "ஏடி, இது புண்ணியமா, பழியா?"

"குடிக்கிறவுகளுக்குப் புண்ணியம். எனக்கு மத்தது."

"எங்க ஃபாதர்கிட்டக் கேட்டா பாவம்னு சொல்லுவாரு."

"அவரும் வந்து ஒரு டம்ளர் குடிச்சுட்டுச் சொல்லட்டும்" என்றாள் நாகம்மை.

கழுத்துச் சங்கிலியை விற்று வேரும் கற்கண்டும் வாங்கினாள். கீற்றுப் பந்தல் போட்டாயிற்று, பானைகள் வந்தாயிற்று. போர்டு எழுத பெத்தன் வந்தான். பிள்ளையார் சுழி போட்டு, ‘தண்ணீர்ப் பந்தல்’ என்று பெரிதாக எழுதி, அடியில் ‘உபயம்’ என்று எழுதி நிறுத்தினான்.

"உபயம் யாரு பேருக்கா? ஒங்க பேருதானே?"

நன்னாரித் தண்ணீர்ப் பானைக்கு மேலே அவள் பேரை எழுதினால் நாளைக்கே அடுத்த நோட்டீஸ் வரும். பேர் எழுதாமலும் விட முடியாது. இந்தப் பக்கத்தில் உபயக்காரர் பேர் இல்லாத தர்மம் ஏது? எதிரே பார்த்தாள். கோயில் திருவிழாவுக்கு அவள் கொழுந்தன் உபயமாகக் கொடுத்து, பழசானதும் திரும்ப எடுத்துவந்த டியூப் லைட் ஒன்று ஸ்டாலில் தொங்கியது. அதில் வெளிச்சம் வருகிற இடமெல்லாம் அவன் பேர்தான் எழுதியிருந்தது. அதைப் பார்த்துக்கொண்டே நின்றவளுக்கு முகம் மெல்ல மலர்ந்தது. எத்தனையோ மாதத்துக்குப் பிறகு அவள் சிரித்தது அன்றைக்குத்தான்.

"சேவுகப்பெருமாள்னு எழுது. நல்லாப் பெரிசா எழுது."

சித்திரை முதல் நாள். பிள்ளையார்பட்டியில் எள் போட இடமில்லாத கூட்டம். விடியும்போதே பந்தலில் வரிசை நின்றது. எதிர் ஸ்டாலில் பாட்டிலை எடுத்துப் பார்த்தவர்கள், சாலைக்கு இந்தப் பக்கம் அதே நன்னாரி சும்மா கிடைக்கிறது என்று தெரிந்ததும் பாட்டிலை வைத்துவிட்டு வந்துவிட்டார்கள். குடித்தவர்கள் போர்டைப் படித்து, நன்றாக இருக்கட்டும் சேவுகப்பெருமாள் என்று வாழ்த்திவிட்டுப் போனார்கள். ஒவ்வொரு டம்ளரையும் நீட்டும்போது நாகம்மை கொழுந்தனை நினைத்து வாய்க்குள்ளேயே, வாங்கிக்கடா, வாங்கிக்கடா என்று முணுமுணுத்துக்கொண்டாள். கேட்டவர்களுக்கு அது கொடுக்கிறவளின் கனிவாகத் தெரிந்தது.

பத்து மணி வாக்கில் சேவுகப்பெருமாள் காரை விட்டு இறங்கினான். ஸ்டாலில் ஈ ஓட்டுகிறார்கள். எதிரே கூட்டம். போர்டில் தன் பேர். கோபத்தில் கழுத்து நரம்பு புடைக்கப் பந்தலை நோக்கி வந்தான். அந்த நேரம் பார்த்து ஊர்ப் பெரியவர் கார்த்திகேய சிவம் கையில் டம்ளரோடு அவனை மறித்துக்கொண்டார்.

"அடடா, உபயக்காரரே வந்துட்டாக! யாவாரம் பண்ற பொருளையே தானமாக் குடுக்குறதுக்கு மனசு வேணுமப்பா. அதையும் அண்ணன் பொண்டாட்டி கையால குடுக்க வச்சிருக்கீக பாருங்க, அதுதான் பெருசு."

சொல்லிவிட்டுத் தன் தோளில் கிடந்த துண்டை எடுத்து அவனுக்குப் போர்த்தினார். நாலு பேர் கை தட்டினார்கள். இரண்டு பேர் போனை எடுத்துப் படம் பிடித்தார்கள்.

அந்த இடத்தில் அவன் ஒரே ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும், எல்லாம் முடிந்திருக்கும். இது என் உபயம் இல்லை என்று சொல்லியிருக்க வேண்டும். ஆனால் சேவுகப்பெருமாளுக்குத் துண்டு என்றால் உயிர். போர்த்திக்கொண்டு பல்லைக் காட்டிக் கும்பிட்டான். நாகம்மை ஒரு டம்ளரை அவன் கையில் திணித்தாள். அதுவும் படத்தில் விழுந்தது. சாயங்காலத்துக்குள் அந்தப் படம் சிவகங்கை, தேவகோட்டை எல்லாம் சுற்றி வந்துவிட்டது.

பிறகு ஆரம்பித்தது அவனுக்குச் சனி. பாட்டில் வாங்கிய கடைக்காரர்கள் ஒவ்வொருவராக வந்து பெட்டியை இறக்கினார்கள். "நீங்களே சும்மா குடுக்குறீக, நாங்க எங்குட்டுக் கொண்டுபோய் விக்கிறது?" என்றார்கள். வாங்க வந்தவர்கள், தானமாகக் கொடுக்கிறதில் வேர் வாசனை வருகிறது, காசுக்கு விற்கிறதில் மருந்து வாசனை வருகிறதே என்று முகத்துக்கு நேரே கேட்டார்கள். தன் வக்கீலிடம் ஓடினான். அவள் என் பேரைப் பயன்படுத்தக் கூடாது என்று நோட்டீஸ் விடச் சொன்னான். வக்கீலுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை.

"என்னன்னு எழுதச் சொல்றீக? நான் புண்ணியம் பண்ணலை, பண்ணினதாப் பொய் சொல்றாகன்னா? துண்டு போத்தி நிக்கிற போட்டோ எம் போனுக்கே வந்திருக்கு."

தண்ணீர் சுத்தமில்லை என்று புகார் கொடுக்கலாமா என்று கேட்டான்.

"குடுக்கலாம். போர்டுல இருக்கிறவுக மேலதான் நடவடிக்கை வரும். பரவாயில்லையா?"

அக்னி நட்சத்திரம் பிறந்தது. ஷெட்டில் மெஷின் நின்றுபோய், பெட்டி பெட்டியாகச் சரக்கு வெயிலில் வெந்தது. ஒரு நாள் வெயில் தாழ்ந்ததும் சேவுகப்பெருமாள் நாகம்மையின் வீட்டு வாசலில் வந்து நின்றான். முன்பு தினமும் நின்று ஆறுதல் சொன்ன அதே இடம்.

"மதினி, எம் பேரை எடுத்துருங்க."

நாகம்மை நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். எழுந்திருக்கவில்லை.

"உங்க பேரு இன்னைக்கு ஊரு பூரா நல்ல பேரா இருக்குல்ல தம்பி? அதுக்குச் சந்தோஷப்படுங்க."

அவனுக்கு முகம் செத்துப்போயிற்று. தான் சொன்னது தனக்கே திரும்பி வந்ததை அவன் உணர்ந்தான் என்பது அவளுக்குத் தெரிந்தது. அந்த ஒரு கணத்துக்காகச் சங்கிலியை இன்னொரு தரம்கூட விற்றிருப்பாள்.

"என்ன வேணும்னு சொல்லுங்க மதினி. செய்யுறேன்."

"எம் பேரு வேணும். எங்க வீட்டுக்காரரு வாங்குன மெஷினு வேணும். அந்தக் கெழவி படம் போட்ட லேபிள் ஒண்ணு பாக்கியில்லாமக் கொளுத்தணும். அன்னைக்கு ஒங்க பேரை எடுத்துருவேன். சத்தியம்."

பெனிட்டாவைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு வக்கீல் வீட்டில் எல்லாம் எழுதிக் கையெழுத்தானது. பேனாவைப் பிடித்த அவன் தலை குனிந்தே இருந்தது. மெஷின் வண்டியேறி வந்து சேர்ந்தது. லேபிள்கள் ஷெட்டுக்குப் பின்னால் எரிந்து முடிகிற வரைக்கும் நாகம்மை நின்று பார்த்தாள்.

சொன்ன வாக்கை அவள் காப்பாற்றினாள். அடுத்த நாள் ஞாயிற்றுக்கிழமை, நல்ல கூட்டம். காலையிலேயே போர்டைக் கழற்றினாள். கூடவே பானைகளையும் கவிழ்த்து வைத்துவிட்டு, வெறும் பந்தலுக்கு அடியில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்துகொண்டாள். எதிர் ஸ்டாலில் சேவுகப்பெருமாள் தெம்பாக வந்து அமர்ந்தான். மிச்சமிருந்த சரக்கைப் பேர் ஒட்டாமல் அடுக்கி வைத்திருந்தான்.

பிள்ளைகளோடு ஒரு குடும்பம் வேர்க்க விறுவிறுக்க வந்து நின்றது. "தண்ணி இல்லையாம்மா? போன வாரம் வந்தப்ப இருந்துச்சே."

"உபயக்காரரு எடுக்கச் சொல்லிட்டாரு" என்றாள் நாகம்மை, எதிர்ப்பக்கம் கேட்கிற மாதிரி.

"இந்த வெயில்லயா? யாரு அந்தப் புண்ணியவான்?"

அவள் கையை நீட்டிக் காட்டினாள். பொய் ஒன்றும் இல்லை, எடுக்கச் சொன்னது அவன்தான். கேட்டவர்கள் திரும்பி அவனைப் பார்த்த பார்வையை அவளும் பார்த்தாள். ஒருத்தர் சாலையைக் கடந்து போய் முகத்துக்கு நேரே கேட்டே விட்டார். அன்றைக்கு அவனுக்குத் துண்டு போர்த்திவிட்ட கார்த்திகேய சிவம், ஸ்டால் பக்கம் பார்த்துக் காறித் துப்பிவிட்டுப் போனார். தாகத்தோடு போகிற குழந்தைகளைக் கண்டு அவளுக்குப் பாவமாகத்தான் இருந்தது. ஒரு நாள் பொறுத்துக்கொள்ளட்டும் என்று பல்லைக் கடித்துக்கொண்டு, பொழுது சாய்கிற வரைக்கும் கேட்டவர்களுக்கெல்லாம் அதே பதிலைச் சொன்னாள். இருட்டுவதற்கு முன்னால் சேவுகப்பெருமாள் ஸ்டாலின் படுதாவை இறக்கிவிட்டு, யார் முகத்தையும் பார்க்காமல் காரில் ஏறினான். அந்தப் படுதா அதற்குப் பிறகு மேலே ஏறவில்லை.

மறுநாள் விடியும்போது பானைகள் நிரம்பியிருந்தன. பெத்தன் போர்டைத் துடைத்துச் சுத்தம் செய்து, பிரஷோடு உட்கார்ந்தான்.

"இந்தத் தடவை யாரு பேருக்கா?"

"எம் பேருடா. நாகம்மைன்னு எழுது" என்றாள். அவன் எழுத ஆரம்பித்ததும் குனிந்து பார்த்துவிட்டு, "பக்கத்துல ஆச்சின்னு கீச்சின்னு போட்டுறாத. நான் இன்னும் சாகல" என்றாள்.