நேர்காணலுக்குப் போன தேங்காய்ப் பை

இரண்டு வருடங்களுக்கு முன், ஒரு சனிக்கிழமை காலை, கோவை ரேஸ்கோர்ஸ் பக்கம் ஒரு காபிக் கடையில் நடந்தது இது.

எங்களுக்குக் கிணத்துக்கடவு பக்கம் தென்னந்தோப்பு. ஒரே மகள். கோவையில் இரண்டாம் ஆண்டு பொறியியல் படித்துக்கொண்டிருந்தவள், அமெரிக்காவில் பேரைச் சொன்னாலே எல்லோரும் வாய் பிளக்கிற ஒரு பல்கலைக்கழகத்துக்கு விண்ணப்பம் போட்டுவிட்டாள். முதல் வருடத்தில் சேர்வதே அங்கே குதிரைக்கொம்பாம். இவளோ பாதிப் படிப்பில் மாறி, நேராக மூன்றாம் ஆண்டில் போய் உட்கார வேண்டும் என்கிறாள். அதுவும் முழு உதவித்தொகையோடு. தோப்பையே விற்றாலும் எங்களுக்குக் கட்டுப்படியாகாத இடம். அடுத்த வருடம் பார்த்துக்கொள்ளலாம் என்றும் விட முடியாது. மூன்றாம் ஆண்டு தாண்டிவிட்டால் அப்படி மாறவே முடியாதாம். "கெடைச்சாக் கெடைக்குதும்மா, இல்லீனா உட்ரலாம்" என்று வாயால் லேசாகத்தான் சொல்வாள். ஆனால் தூக்கத்தில் இங்கிலீஷில் உளறுவாள்.

அங்கே படித்துவிட்டுக் கோவையில் குடியிருக்கும் ஒரு பெண்மணி இவளை நேரில் பார்த்துப் பேசி, ஆள் எப்படி என்று பல்கலைக்கழகத்துக்கு எழுதி அனுப்ப வேண்டும். அதற்குத்தான் அந்தக் காபிக் கடை. "நீ காருக்குள்ளயே இரும்மா, உள்ள வந்துராதே" என்று மகள் வழியெல்லாம் எனக்குப் பாடம் நடத்திக்கொண்டு வந்தாள்.

இருந்தேன், இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் இருவரும் பேசி முடித்து எழுந்திருப்பது கண்ணாடி வழியே தெரிந்ததும் எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. நம் பிள்ளைக்காக ஒருவர் லீவு நாளில் மெனக்கெட்டு வந்திருக்கிறார். வெறுங்கையோடு அனுப்பினால் அது என்ன பழக்கம்? கார் டிக்கியில் ஒரு கல்யாண வீட்டு மஞ்சப்பை நிறைய உரித்த தேங்காயும், நான் உருக்கிய நெய் ஒரு பாட்டிலும் மகளுக்குத் தெரியாமல் வைத்திருந்தேன். தேங்காயை என் வீட்டுக்காரரே பார்த்துப் பார்த்துப் பொறுக்கிக் கொடுத்தார். பையைத் தூக்கிக்கொண்டு விறுவிறுவென்று உள்ளே போனேன்.

"ஏனுங்க, நான் புள்ளையோட அம்மாங்க. நம்ம தோட்டத்துக் காய்ங்க. புள்ளைக்குக் கொஞ்சம் பார்த்து எழுதுங்க" என்று பையை மேசைமேல் வைத்தேன்.

அந்தப் பெண்மணியின் முகம் சட்டென்று மாறியது. கையைப் பின்னால் இழுத்துக்கொண்டார். "அச்சச்சோ, இதெல்லாம் வாங்கவே கூடாதுங்க. யாராச்சும் எதாச்சும் குடுத்தா யுனிவர்சிட்டிக்கு எழுதியே ஆகணும்னு ரூல்ஸ் இருக்குதுங்க."

தேங்காய்க்கா? மகளைப் பார்த்தேன். அவள் முகம் வெளுத்துப்போய் இருந்தது. இத்தனை நாள் கண் விழித்துப் படித்ததை நான் ஒரே நிமிடத்தில் குழி தோண்டிப் புதைத்துவிட்டேன் என்பது அப்போதுதான் மண்டையில் உறைத்தது. "தெரியாமச் செஞ்சுபோட்டேனுங்க! உங்க கால்ல வேணா உழுகறேன், எழுதீராதீங்க" என்று குனியவே போய்விட்டேன்.

அவர் பதறி என் தோளைப் பிடித்து நிமிர்த்தினார். சுற்றுமுற்றும் பார்த்தார். குரலைத் தாழ்த்தி, "சரிங்க, நான் எதையும் பாக்கலீங்க. எடுத்துட்டுப் போயிருங்க. இத்தோட மறந்துரலாம்" என்றார்.

போன உயிர் திரும்பி வந்தது. அவசர அவசரமாகப் பையைத் தூக்கினேன். அப்போதுதான் என் மகள் வாயைத் திறந்தாள்.

"வேண்டாங்க மேடம். எழுதீருங்க."

என் கையிலிருந்த பை நழுவாமல் இருந்ததே பெரிது. இவளுக்குப் பைத்தியம் பிடித்துவிட்டதா? அவளோ நிறுத்தவில்லை. "மறைச்சா இது லஞ்சமாயிருமுங்க. நடந்ததை நடந்த மாதிரி எழுதிட்டீங்கன்னா வெறும் தேங்காய்தானுங்க. எங்கம்மா குடுத்ததை ஒளிச்சு வெச்சுட்டு அங்க போயி நான் என்னங்க படிக்கிறது?" கண்ணில் தண்ணீர் நின்றது, ஆனாலும் அவரை நேராகப் பார்த்துத்தான் சொன்னாள்.

அவர் மறுபடி நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். "சரி கண்ணு, எழுதறேன்" என்றார்.

வீடு வந்து சேரும்வரை நான் வைத வசவுக்கு அளவே இல்லை. "தானா வந்த நல்லதை எட்டி ஒதைச்சுப்போட்டியேடி!" அவள் ஜன்னல் பக்கம் திரும்பியே உட்கார்ந்திருந்தாள். தப்புச் செய்தது நான். கோபம் முழுக்க அவள்மேல். அப்படித்தான் இருந்தது, என்ன செய்ய.

சில நாளில், வேறொருவர் மகளிடம் வீடியோவில் பேசுவார் என்று பல்கலைக்கழகத்திலிருந்து தகவல் வந்தது. அன்று நானாகவே தோப்புக்குப் போய் உட்கார்ந்துகொண்டேன். வீடியோவில் வந்தவர் முதலில் கேட்டதே தேங்காயைப் பற்றித்தானாம். 'எங்கள் ஊரில் நமக்காக ஒருவர் நேரம் ஒதுக்கினால் கையில் ஏதாவது கொடுத்துத்தான் அனுப்புவோம், என் அம்மாவுக்கு உங்கள் விதி தெரியாது' என்று இவள் உள்ளதை உள்ளபடி சொன்னாளாம்.

பிறகு மாதக்கணக்கில் ஒரு சத்தமும் இல்லை. எல்லாம் போயிற்று என்றுதான் நினைத்தேன். ஒரு நாள் காலையில் அவள் அறையிலிருந்து அலறல். பாம்பு புகுந்துவிட்டது என்று தடியை எடுத்துக்கொண்டு ஓடினால், செல்போனைக் காட்டிக் குதிக்கிறாள். இடம் கிடைத்துவிட்டது, முழு உதவித்தொகையோடு! தடியைப் பிடித்தபடி அங்கேயே உட்கார்ந்து அழுதேன்.

அவள் விமானம் ஏறும் முன் அந்தப் பெண்மணி எங்கள் வீட்டுக்கு வந்தார். கையில் ஒரு பை நிறையப் பழம். "இதெதுக்குங்க?" என்றேன். "ஊட்டுக்கு வாரப்ப வெறுங்கையோட வர முடியுங்களா?" என்று சிரித்தார். போகும்போது நான் தேங்காய் நிரப்பிக் கொடுத்த மஞ்சப்பையை மறுபேச்சில்லாமல் வாங்கிக்கொண்டார்.

இன்றும் யாருக்காவது ஏதாவது கொண்டுபோகக் கிளம்பினால், 'இதை நாலு பேருக்குத் தெரியக் கொடுக்க முடியுமா?' என்று ஒரு நிமிடம் வாசலில் நின்று யோசித்துவிட்டுத்தான் பையைத் தூக்குகிறேன்.